பெரியப்பாவின் ரேடியோகிராம்: பெட்டியை மட்டும் காப்பாற்றினால் போதாது

வீட்டு மூலையில் பழைய ரேடியோகிராம் ஒன்று கிடக்கிறது, பல வருஷமாக யாரும் அதைத் தொடவில்லை என்றால், உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஆசை மேலிட்டு பிளக்கைச் சொருகிவிடாதீர்கள். 'பாடுதா பார்ப்போம்' என்று சுவிட்சைப் போட்ட அந்த ஒரு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்த பெட்டிகள் ஏராளம். காரணத்தைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் எங்கள் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ரேடியோகிராம் பார்த்திராத பிள்ளைகளுக்காக: ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் ஒரே மரப்பெட்டிக்குள் இருக்கும். இடுப்பு உயரம். மூடியைத் தூக்கினால் ஒரு பக்கம் ரெக்கார்டு சுற்றும் மேடை, இன்னொரு பக்கம் ரேடியோவின் கண்ணாடி முகப்பு. கீழே துணி போர்த்திய ஸ்பீக்கர், பக்கத்தில் ரெக்கார்டுகளை நிறுத்தி வைக்க ஓர் அறை. 1950களிலும் 60களிலும் பிலிப்ஸ், மர்பி, எச்.எம்.வி. என்று பல கம்பெனிகள் இந்தியாவில் விற்ற சாமான் இது. அன்றைக்குச் சாதாரண ரேடியோ வாங்குவதே பெரிய விஷயம். ரேடியோகிராம் என்றால் வீட்டில் யானை கட்டிய மாதிரி.

அந்த யானை சுரங்கத் தொழிலாளர்களின் எங்கள் லைன் வீட்டுக்குள் எப்படி வந்தது? நான் கோலார் தங்கவயலில் இருக்கும் சாம்பியன் ரீப்ஸ்காரன். தங்கவயலை 1880லிருந்து ஜான் டெய்லர் கம்பெனி நடத்தியது. 1956ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, 1962ல் மத்திய அரசுக்குப் போனது. அந்த வருஷங்களில் பங்களாக்களிலிருந்து வெள்ளைக்கார அதிகாரிகளும், அவர்களுக்குப் பின்னால் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் ஒவ்வொன்றாக இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கிளம்பினார்கள். கப்பலில் ஏற்ற முடியாத சாமான்களை இங்கேயே விற்றுவிட்டுப் போனார்கள். மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த பெரியப்பா, அப்படிக் கிளம்பிய ஒரு வீட்டில் தவணை சொல்லி வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தது இந்தப் பெட்டி. முகப்பில் கம்பெனிப் பெயர் இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள்தான் மிச்சம். உள்ளே ரெக்கார்டு சுற்றும் பாகத்தில் காரார்டு, ஸ்விண்டன், இங்கிலாந்து என்று வார்த்திருக்கிறது. வால்வுகளில் பாதிக்கு மேல் முல்லார்ட் கம்பெனியுடையவை.

பெரியப்பா காலமான பிறகு பெட்டியின்மேல் முதலில் டி.வி. ஏறியது, பிறகு துணி மூட்டை ஏறியது. 2001 பிப்ரவரி 28ல் மைன்ஸை மூடினார்கள். அதற்கப்புறம் எங்கள் தெருக்களிலிருந்து எத்தனை சாமான் எடைக்குப் போயிற்று என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கிற செம்புக்காகவே ரேடியோக்களை உடைத்தார்கள். எங்கள் பெட்டி தப்பியதற்கு ஒரே காரணம் பெரியம்மா. "அது அவரு கை பட்டது, இருக்கட்டும்" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிட்டார்.

இப்போது வருகிறவர்கள் வேறு ரகம். பெங்களூரிலிருந்து காரில் வந்து, பழைய மரச்சாமான் தேடி வீடு வீடாகக் கேட்கிறார்கள். ரேடியோகிராமுக்கு நல்ல விலை தருகிறார்கள். வாங்கிக்கொண்டு போய் என்ன செய்கிறார்கள் தெரியுமா? உள்ளே இருக்கிற சேசிஸ், வால்வு, மோட்டார் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, பளபளவென்று பாலிஷ் ஏற்றி, பாட்டில் அடுக்கும் அலமாரி ஆக்குகிறார்கள். இல்லாவிட்டால் புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை உள்ளே வைத்து மூடுகிறார்கள். வீட்டுக்கு அழகாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ரேடியோகிராம் மேஜை இல்லை. அது ஒரு இயந்திரம். பாடினால்தான் அது ரேடியோகிராம். அப்படி ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று விலை பேசிய அன்றைக்குத்தான், இதைச் சரி செய்தே தீருவது என்று முடிவெடுத்தேன்.

நான் பிழைப்புக்கு தினமும் பெங்களூர் ரயில் ஏறுகிறவன். வேலை முடிந்ததும் எஸ்.பி. ரோட்டில் பாகங்கள் வாங்கிக்கொண்டு மாரிகுப்பம் வண்டியில் திரும்புவேன். மிச்சமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேலை. துணைக்கு வந்தவர் பெரியப்பாவோடு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த மாமா. ரத்த உறவில்லை. எங்கள் ஊரில் அப்பாவோடு, பெரியப்பாவோடு ஒரே ஷிப்டில் வேலை செய்தவர்கள் எல்லாரும் மாமாதான்.

முதல் வேலை ரெக்கார்டு மாற்றும் பொறி. காரார்டின் சேஞ்சரில் நடுத் தண்டின் மேல் தட்டுகளை அடுக்கி வைத்துவிடலாம். ஒன்று பாடி முடிந்ததும் கை தானே விலகும், அடுத்த தட்டு கீழே விழும், கை மறுபடி உள்ளே வந்து முள்ளை வைக்கும். இதெல்லாம் ஒரே மோட்டாரின் சக்தியில், கியர்களாலும் நெம்புகோல்களாலும் நடக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் துளியும் கிடையாது. எங்கள் சேஞ்சர் இறுகிப்போய்க் கிடந்தது. கவிழ்த்துப் பார்த்தால் கிரீஸ் எல்லாம் மெழுகாகக் காய்ந்து, அதன்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம்.

மாமா அதைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி எடுத்தார். இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து, காதோரமாகக் கொண்டுபோய்த் தேய்த்தார். நற நறவென்று சத்தம்.

"கண்ணு, இது கிரீஸ் இல்ல. எமரி பேஸ்ட்டு. நம்ம சைனைட் மேட்டு மண்ணு உள்ள பூந்துக்கினு கீது."

தங்கவயலை வெளியிலிருந்து பார்க்க வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்கிற அந்தச் சாம்பல் மலைகள்தான் அவர் சொன்ன மேடு. எங்கள் தங்கம் வெண்கல் (குவார்ட்ஸ்) பாறையில் ஓடியது. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்து எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கொட்டியதில் குவிந்தது மூன்று கோடி டன்னுக்கு மேல். காற்றடிக்கிற மாதங்களில் அது ஊர் முழுக்கப் பறக்கும், சோற்றுப் பானை வரைக்கும் வரும். அரைபட்ட வெண்கல் இரும்பையே தேய்க்கும். கிரீஸில் கலந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பித்தளை புஷ்ஷைத் தின்னும். பூமிக்கடியில் இதே தூளைச் சுவாசித்துத்தான் எங்கள் ஊர் ஆண்களுக்கு சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தது. மாமா அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "மண்ணெண்ணெய் கொண்டா" என்றார்.

ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே செய்தித்தாளில் அடுக்கி, போனில் படமும் எடுத்துக்கொண்டோம். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தோம். பிறகு பெட்ரோலில் ஒரு முக்கு. தட்டு சுற்றும் பேரிங்குக்கு மெல்லிய மெஷின் ஆயில் இரண்டு சொட்டு, சறுக்கும் இடங்களுக்குக் கொஞ்சம் புது கிரீஸ், அவ்வளவுதான். அதிகம் போட்டால் அதுவும் மேட்டு மண்ணை இழுத்து வைத்துக்கொள்ளும்.

அடுத்தது ஐட்லர் வீல். மோட்டார் தண்டுக்கும் ரெக்கார்டு தட்டுக்கும் நடுவில் அழுத்திக்கொண்டு சுற்றும் ரப்பர் சக்கரம். மோட்டார் தண்டில் நான்கு படிகள் இருக்கும்: 16, 33, 45, 78 வேகங்களுக்கு ஒவ்வொரு படி. சக்கரம் எந்தப் படியில் அழுந்துகிறதோ அந்த வேகம். பல வருஷம் ஒரே இடத்தில் அழுந்தி நின்றதால் ரப்பர் கல்லாக இறுகி, ஓரிடத்தில் குழி விழுந்திருந்தது. அப்படியே ஓட்டினால் பாட்டுக்கு அடியில் 'தொம் தொம்' என்று சீராக ஓர் இடி கேட்டுக்கொண்டே இருக்கும். புதுச் சக்கரத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம். மாமா கேட்கவில்லை. ராபர்ட்சன்பேட்டையில் தெரிந்த லேத் பட்டறை ஒன்றில், பழைய ரப்பரை வெட்டி எடுத்துவிட்டு, அதே விளிம்பில் புது ரப்பர் வளையம் ஒட்டினார். ஒட்டியதை ஃபிரிட்ஜின் ஐஸ் அறையில் போட்டு வைத்தார். குளிரில் ரப்பர் விறைத்துக்கொள்ளும், அப்போதுதான் லேத்தில் பிடித்தால் வளையாமல் கடைசல் கொடுக்கும். வெளியே எடுத்து, தண்டில் மாட்டி, மெல்லிய உப்புத்தாளை விரலால் பிடித்துத் தொட்டும் தொடாமலும் வைத்தார். கறுப்புத் தூள் பறந்தது. அளவுகோல் வைத்துப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பார்த்து, இன்னும் ஒரு தொடல். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழத்துக்கு ஆளை இறக்கிய ஊர் இது. கிஃபோர்டு ஷாஃப்டின் கூண்டும் வைண்டிங் எஞ்சினும் நம்பி நின்றது இவர்களைப் போன்ற ஃபிட்டர்களின் விரல்களை. அந்த விரல்களுக்கு ஒரு ரப்பர் சக்கரம் எம்மாத்திரம்!

காரார்டு என்ற பெயரைப் பார்த்ததும் எனக்குள் ஒரு குறுகுறுப்பு, கொஞ்சம் படித்தேன். லண்டனில் அரச குடும்பத்துக்கு நகை செய்த கடை காரார்டு. முதல் உலகப் போரில், 1915ல், பீரங்கிப் படைக்குத் தூரம் அளக்கும் கருவிகள் செய்வதற்காக அவர்கள் ஒரு பொறியியல் கம்பெனி தொடங்கினார்கள். போர் முடிந்ததும் அது ஸ்விண்டனுக்குப் போய், சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன் மோட்டார் செய்ய ஆரம்பித்தது. நகைக்கடையில் பிறந்த மோட்டார் தங்கச் சுரங்க ஊரில் வந்து நின்றதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். எங்கள் தங்கமும் அந்தக் காலத்தில் லண்டனுக்குத்தானே போனது.

வேகம் சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. வட்டத் தாளில் 77 கறுப்புக் கோடுகளைச் சம இடைவெளியில் வரைந்து தட்டில் வையுங்கள். சோக் வைத்த பழைய டியூப் லைட் வெளிச்சத்தில் 78 வேகத்தில் சுற்றவிட்டால் கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தெரியும். 33 வேகத்துக்கு 180 கோடுகள். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி, விளக்கு விநாடிக்கு 100 தடவை மினுக்குகிறது, அந்தக் கணக்குதான். எல்.இ.டி. பல்புகளில் பலவற்றில் இது எடுபடாது.

மோட்டாரின் வேகமும் அதே 50ஐ நம்பித்தான் இருக்கிறது. இதைச் சொல்லும்போது எங்கள் ஊர்ப் பெருமை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1902 ஜூன் 30ல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரியின் மின்சாரம் தங்கவயலுக்கு வந்தது. ஏறக்குறைய 148 கிலோமீட்டர் கம்பி, அன்றைக்கு உலகத்திலேயே மிக நீண்டவற்றில் ஒன்று. பெங்களூருக்கே 1905ல்தான் விளக்கு எரிந்தது. ஆனால் சிவசமுத்திரம் உற்பத்தி செய்தது 25 சுழற்சி மின்சாரம். 50க்குச் செய்த மோட்டாரை அதில் மாட்டினால் பாதி வேகத்தில்தான் சுற்றும், தியாகராஜ பாகவதர் குரல் பாதாளத்தில் இறங்கிவிடும். டிரான்ஸ்பார்மரும் சூடேறிக் கருகும். அதனால்தான் பழைய கருவிகளின் பின்பலகையில் வோல்ட்டோடு சுழற்சியும் எழுதியிருக்கும். பழைய பெட்டி வாங்கினால் அந்தத் தகட்டை முதலில் படியுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் 60 இருக்கும், மோட்டார் தண்டின் படிக் கப்பியையே மாற்ற வேண்டும்.

இனி அந்த பிளக் விஷயம். வால்வு செட்டில் 250 வோல்ட் அளவுக்கு டி.சி. மின்சாரம் ஓடும். அதைத் தாங்கி நிற்பவை கன்டென்சர்கள். பழையவை மெழுகு தோய்ந்த காகிதத்தால் ஆனவை. வயசாகி ஈரம் ஏறினால் கசியும். அதில் ஒன்றே ஒன்று மிக முக்கியம்: கடைசிக்கு முந்தைய வால்வின் ஒலியைக் கடைசி வால்வுக்குக் கொண்டுபோகும் சின்ன கன்டென்சர். அது கசிந்தால் கடைசி வால்வின் கட்டுப்பாட்டுக் கம்பிவலையில் நேர் மின்னழுத்தம் ஏறும், வால்வு கட்டுமீறி மின்சாரத்தை இழுக்கும், அதன் தகடு சிவக்கச் சிவக்கக் காயும், கூடவே அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் எரியும். சில ரூபாய் கன்டென்சருக்காக, கடையில் கிடைக்காத டிரான்ஸ்பார்மர் போய்விடும். நான் சுவிட்சைத் தொடுவதற்கு முன்பே காகிதக் கன்டென்சர்கள் அத்தனையையும், பெரிய எலக்ட்ரோலிட்டிக் கன்டென்சரையும் மாற்றிவிட்டேன். பிறகும் நேராகக் கொடுக்கவில்லை. பழைய ரேடியோ மெக்கானிக்குகளின் சீரீஸ் லாம்ப் முறை: 60 வாட் குண்டு பல்பு ஒன்றைச் செட்டோடு வரிசையில் இணைத்துக் கொடுப்பது. உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து சொல்லிவிடும், செட் பிழைக்கும். மங்கலாக எரிந்தால் நல்ல சகுனம். மங்கலாகத்தான் எரிந்தது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் எலக்ட்ரோலிட்டிக்கில் மின்சாரம் தங்கியிருக்கும், ஆளைத் தூக்கி அடிக்கும். வால்வு செட் பழகாதவர்கள் தனியாக உள்ளே கை விடாதீர்கள்.

முள் இருக்கும் தலையில் பெரும்பாலும் ரோஷெல் உப்புப் படிகம் இருக்கும். அது ஈரத்தில் கரையும், சூட்டில் சாகும். இத்தனை வருஷத்துக்குப் பிறகு உயிரோடு இருக்காது, தேடி அலைய வேண்டாம். எங்களுடையதற்கு செராமிக் தலை ஒன்றை மாட்டினேன். சத்தம் பழையதைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் எல்.பி.க்களுக்கு செராமிக்தான் நல்லது. பழைய மோனோ தலையின் கனம் ஸ்டீரியோ தட்டுகளை உழுதுவிடும். முள்ளும் இரண்டு வேண்டும்: 78 தட்டின் பள்ளம் அகலம், எல்.பி.யின் பள்ளம் அதில் மூன்றில் ஒரு பங்குதான். எல்.பி. முள்ளால் 78ஐ ஓட்டினால் முள் பள்ளத்தின் அடியில் உரசி, இரைச்சலைத்தான் பாடும்.

மரவேலையை ஆண்டர்சன்பேட்டை ஆசாரி ஒருவர் செய்து கொடுத்தார். தூக்கிக்கொண்டு நின்ற மேல் மரத்தகட்டை வச்சிரம் காய்ச்சி ஒட்டி, பழைய முறையில் அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பொட்டலத்தால் வட்ட வட்டமாகத் தேய்த்துத் தேய்த்து பாலிஷ் ஏற்றினார். அவர் வேலை செய்யும்போது 78 தட்டுகளை நான் அடுத்த அறைக்குக் கொண்டு போய்விட்டேன். காரணம் இருக்கிறது. அந்தத் தட்டுகளும் அதே அரக்கும் கல்பொடியும் சேர்த்து அழுத்தியவைதான். ஸ்பிரிட் பட்டால் பள்ளம் கரைந்து போகும். தட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று சானிடைசர் போட்டுத் துடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். 78க்குத் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு, மெல்லிய துணி, நடுவில் ஒட்டிய காகிதம் நனையக்கூடாது, நிழலில் காயவிட வேண்டும். அவ்வளவு போதும்.

பெரியப்பாவின் சேகரிப்பு பெரிதில்லை. தியாகராஜ பாகவதர், கே.பி.சுந்தராம்பாள், பராசக்தி வசனத் தட்டுகள், அறுபதுகளின் சினிமாப் பாட்டு ஈ.பி.க்கள், மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் வாங்கிவந்த சில இங்கிலீஷ் தட்டுகள். அதில் ஒரு தட்டில் குறுக்காக ஒரு நீளக் கீறல். அதற்கு பெரியம்மாதான் கதை சொன்னார். ராத்திரி பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே பாறை வெடித்திருக்கிறது. பழைய ஆட்கள் ஏர் பிளாஸ்ட் என்பார்கள். ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை தானே சிதறும், மேலே வீடு குலுங்கி அலமாரியில் பாத்திரம் உருளும். முள் தட்டின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்கு ஓடிவிட்டது. பெரியப்பா தட்டைப் பார்க்கவே இல்லையாம். சட்டையை மாட்டிக்கொண்டு ஷாஃப்டுக்கு ஓடியிருக்கிறார், யார் யார் கீழே இருக்கிறார்கள் என்று கேட்பதற்கு. தெருவே ஓடியிருக்கிறது.

அந்தத் தட்டை நான் ஓட்டினேன். கீறல் வரும் இடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று ஒரு சத்தம், மற்றபடி பாட்டு சுத்தமாக இருக்கிறது. கணினியில் ஏற்றி அந்தச் சத்தத்தை நீக்கிவிடலாம் என்று ரயில் நண்பர் ஒருவர் சொன்னார். நீக்கமாட்டேன்.

ரேடியோ பக்கமும் வேலை செய்கிறது. கண்ணாடியில் ஊர்ப் பெயர்கள் மஞ்சள் வெளிச்சத்தில் தெரிகின்றன. சிற்றலையில் இப்போது இரைச்சல்தான் அதிகம். ஒரு காலத்தில் இலங்கை வானொலிக்காக, அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரலுக்காக, பிறகு கே.எஸ்.ராஜாவுக்காக, அக்கம்பக்கத்தார் இந்த முகப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். வீட்டு எல்.இ.டி. பல்புகளையும் போன் சார்ஜர்களையும் அணைத்துவிட்டால் இரவில் மீடியம் வேவ் நன்றாகவே தெளிகிறது.

செலவு எவ்வளவு என்று கேட்பீர்கள். மொத்தமாகப் பார்த்தால் ஒரு சுமாரான செல்போன் விலைக்குள் முடிந்தது. பாகங்களுக்கு ஆனது அதில் கொஞ்சம்தான், ஆசாரி கூலிதான் பெரிது, அதைக் கொடுப்பதில் எனக்கு மனத்தாங்கலே இல்லை. மாமா காசு வாங்கவில்லை. அவருக்கு ஒரு பாட்டு கடன், அதை ஞாயிறுதோறும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் இரண்டு குறை இருக்கிறது. 45 தட்டுகளை அடுக்கிப் போடும் தடித்த ஸ்பிண்டில் இல்லை, அதனால் ஈ.பி.க்களை ஒவ்வொன்றாகக் கையால்தான் வைக்கிறேன். பேண்ட் சுவிட்சும் சில நாள் முரண்டு பிடிக்கிறது. சாம்பியன் ரீப்ஸ், ஊர்காம், கோரமண்டல் பக்கம் யார் வீட்டிலாவது உடைந்த காரார்டு சேஞ்சர் கிடந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் சொல்லுங்கள். முழு ரேடியோகிராமே இருக்கிறது, பாடவில்லை என்றால், விலை பேச வருகிறவரிடம் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். மாமாவும் நானும் வந்து கவிழ்த்துப் பார்க்கிறோம். சீரீஸ் லாம்ப் பையிலேயே இருக்கிறது.